மாமா, இது திறமை ஆட்டம்!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டர்வொர்த்திலிருந்து என் அக்காள் மகன் வந்திருந்தான். லாரிக் கம்பெனியில் வேலை. கல்யாணமாகி மூன்று வருஷம், கையில் ஒரு குழந்தை. காப்பியைக் குடித்து முடித்தவன், பையிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் எழுதும் நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தான்.

"மாமா, நீங்க தோட்டத்து ஆபீசுல கிராணியா இருந்தவங்க, கணக்குத் தெரிஞ்சவங்க. இதைக் கொஞ்சம் பாருங்க. இது நம்பர் எடுக்கிற மாதிரி இல்லே. மூளையை வச்சு ஆடுறது. ஒரு 500 வெள்ளி இருந்தா ஒரு மாசத்துல திருப்பிக் குடுத்திடுவேன்."

நோட்டைப் புரட்டினேன். பக்கம் பக்கமாகச் சீட்டுக் கணக்கு. எந்தச் சீட்டை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தான். பள்ளிக்கூடத்தில் இந்தக் கவனம் இருந்திருந்தால் என்று ஒரு நினைப்பு வந்து போயிற்று.

விஷயம் இதுதான். ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டு மாடியில் சீட்டாடும் மெஷின்கள் வைத்திருக்கிறார்கள். வீடியோ போக்கர் என்று பெயர். காசைப் போட்டுப் பொத்தானை அமுக்கினால் திரையில் ஐந்து சீட்டு விழும். வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததைத் தள்ளினால் அந்த இடத்துக்குப் புதுச் சீட்டு வரும். ஜாக்கிக்குக் குறையாத ஜோடி சேர்ந்தால் போட்ட காசு திரும்பும். அதற்கு மேலே போகப் போகத் தொகை கூடும். ஒரே இனத்தில் ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, பத்து என்று ஐந்தும் வந்துவிட்டால் அது ராயல் ஃப்ளஷ். போட்டதைப் போல் 800 மடங்கு கிடைக்கும்.

வாசகர்களே, நான் அவனைத் திட்டவில்லை. அவன் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. பாதி உண்மையைத் திட்டி விரட்ட முடியாது, கணக்குப் போட்டுத்தான் விரட்ட வேண்டும்.

இந்த மெஷினைப் பிரபலமாக்கியவர் சை ரெட் என்ற அமெரிக்கர். 1911இல் மிசிசிப்பியில், வாரத்துக்கு நிலம் உழுத ஏழைக் குடியானவருக்குப் பிறந்தவர். அவர் இருந்த பெரிய மெஷின் கம்பெனிக்கு இந்தச் சீட்டு மெஷினில் அக்கறை இல்லை. அவர் வெளியே வந்து தனிக் கம்பெனி வைத்து 1979 வாக்கில் இதைச் சூதாட்ட விடுதிகளில் இறக்கினார். ஜனங்கள் மொய்த்தார்கள். மற்ற மெஷின்களில் கைப்பிடியை இழுத்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதில் ஆடுகிறவன் தானே முடிவு செய்கிறான். அந்த எண்ணம்தான் இதன் கவர்ச்சி.

இதை உண்மையிலேயே வென்றவர்களும் உண்டு. பாப் டான்சர் என்ற பெயரில் எழுதும் அமெரிக்கர் 6,000 டாலர் முதலுடன் தொடங்கி, ஆறு ஆண்டுகளில் பத்து லட்சம் டாலருக்கு மேல் வென்றதாக 2003இல் புத்தகமே எழுதினார். மருமகன் கண்ணில் மின்னியது அந்தப் பத்து லட்சம். ஆனால் அதை எப்படி வென்றார் என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

முதலில் அவர் சீட்டைப் பார்ப்பதில்லை. மெஷினில் எழுதியிருக்கும் பரிசுப் பட்டியலைப் பார்க்கிறார். ஃபுல் ஹவுஸ் என்பது ஒரே எண்ணில் மூன்றும் இன்னோர் எண்ணில் ஒரு ஜோடியும் சேர்வது. ஃப்ளஷ் என்பது ஐந்தும் ஒரே இனம். முன்னதற்கு 9, பின்னதற்கு 6 கொடுக்கும் மெஷினில், ஒரு பிழையும் இல்லாமல் ஆடினால், போட்ட 100 வெள்ளியில் 99 வெள்ளி 54 காசு திரும்பும். அதே மெஷினில் 8, 5 என்று எழுதியிருந்தால் 97 வெள்ளி 30 காசு. 6, 5 என்றால் 95 வெள்ளிதான். பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருக்கும். தெரிந்தவன் அந்த இரண்டு எண்ணைப் பார்த்துவிட்டு, சரியில்லை என்றால் உட்காராமலே போய்விடுவான்.

அடுத்தது, மனசு சொல்வதைக் கேட்காமல் கணக்குச் சொல்வதைச் செய்வது. ஓர் உதாரணம் பாருங்கள். கையில் ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, கூடவே ஒரு நாலு. ஐந்தும் ஒரே இனம். ஃப்ளஷ் சேர்ந்துவிட்டது, ஆறு மடங்கு நிச்சயம். நம்மில் யாராவது அதைக் கலைப்போமா? தேர்ந்த ஆட்டக்காரன் அந்த நாலைத் தள்ளிவிடுவான். மீதி 47 சீட்டில் ஒன்று ராயல், ஏழு மறுபடியும் ஃப்ளஷ், பதினைந்து சின்னப் பரிசு, இருபத்து நாலு வெறும் கை. பாதிக்கு மேல் வெறும் கைதான். ஆனாலும் அந்த ஒன்றுக்கு 800 என்பதால் சராசரி 18 மடங்குக்கு மேல் வருகிறது. இதே போல, ஒரு ஜோடியோடு ஏஸையும் ஆசையாகப் பிடித்து வைப்பது புதியவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு. மூன்று சீட்டு வாங்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் வாங்குகிறார்கள். இதெல்லாம் மருமகன் நோட்டில் சரியாகவே இருந்தது.

நான் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "அந்தக் கடை மெஷினில் ஃபுல் ஹவுஸுக்கு எவ்வளவு?"

அவன் கவனித்திருக்கவில்லை. கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த படத்தைத் தேடி, விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். 6. பக்கத்தில் ஃப்ளஷுக்கு 5.

அவன் ஆடுவது கைக்கு ஒரு வெள்ளி. பழகியவன் மணிக்கு 600 கை ஆடுவான். அப்படியென்றால் மணிக்கு 600 வெள்ளி மெஷினுக்குள் போகிறது, 570 திரும்புகிறது. மணிக்கு 30 வெள்ளி நஷ்டம். அதுவும் தூக்கக் கலக்கமே இல்லாமல் ஒரு தப்பும் செய்யாதவனுக்கு.

"நல்ல மெஷினா பார்த்து ஆடினா?" என்றான்.

அதையும் போட்டோம். 9, 6 மெஷினிலேயே ராயல் ஃப்ளஷ் ஏறத்தாழ 40,000 கைக்கு ஒரு முறை. மணிக்கு 600 என்றால் 67 மணி நேரம். அதுவரை சராசரியாகச் சுமார் 980 வெள்ளி கரைந்திருக்கும். அதற்குப் பிறகு மணி அடித்து, விளக்கு மின்னி, 800 வெள்ளி வரும். ஊரெல்லாம் சொல்லிக்கொள்வது அந்த 800ஐத்தான்.

அப்படியானால் அமெரிக்கர் எப்படி வென்றார்? இரண்டு எல்லாம் ஜோக்கர் என்று வைத்து ஆடும் ஒரு வகை மெஷின் லாஸ் வேகஸில் ஒரு காலத்தில் நிறைய இருந்தது. அதில் 100க்கு 100 டாலர் 76 காசு திரும்பும். கைக்கு ஒன்றேகால் டாலர் வைத்து மணிக்கு 600 கை ஆடினால் கிடைப்பது மணிக்கு 5 டாலர் 70 காசு! பால்மரம் வெட்டுகிறவனுக்கு நாள் கூலி என்றாவது உண்டு. இவன் வாரக்கணக்கில் நஷ்டத்தைத் தாங்க வேண்டும், அதற்கு முதல் வேண்டும், அந்த முதல் வீட்டு அரிசிக் காசாக இருக்கக் கூடாது. டான்சர் போன்றவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் பயிற்சி எடுத்து, விடுதிகள் ஆட்டக்காரருக்குத் திருப்பித் தரும் கழிவையும் சலுகை நாட்களையும் கணக்கில் சேர்த்து, சாதகமான போது மட்டும் பெரிய தொகை வைத்து ஆடினார்கள். விடுதிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அப்படிப்பட்ட மெஷின்கள் இன்று மிக அரிது.

இன்னொன்று, இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நெவாடா மாநிலத்தில், திரையில் சீட்டுக் காட்டும் மெஷின் உண்மையான 52 சீட்டுக் கட்டைப் போலவே நடக்க வேண்டும் என்று சட்டம். மெஷினைச் சோதிக்க அரசாங்க ஆட்கள் உண்டு. அதனால்தான் அங்கே கணக்குச் செல்லும். பூட்டிய கதவும் வாசலில் கேமராவும் வைத்த மாடியறையில் யார் போய்ச் சோதிப்பது? 53ஆவது சீட்டு அங்கே கடைக்காரன் கையில். மருமகனின் நோட்டு அந்த மெஷினைப் பற்றியதே அல்ல, எங்கோ உள்ள வேறொரு மெஷினைப் பற்றியது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் உரிமம் பெற்ற கேசினோ கெந்திங் மலையில் மட்டுமே. லிம் கோ தோங் 1969இல் உரிமம் பெற்று 1971இல் திறந்தது. 1953ஆம் ஆண்டுச் சூதாட்ட இல்லங்கள் சட்டம், அதிர்ஷ்ட ஆட்டத்தோடு, அதிர்ஷ்டமும் திறமையும் கலந்த ஆட்டத்தைப் பணத்துக்கு ஆடுவதையும் சூது என்றே சொல்கிறது. ஆகவே "திறமை, மாமா" என்பது இங்கே கோர்ட்டில் நிற்காது. தமிழ்நாட்டில் இந்த வாதம் பல ஆண்டு நடந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று, மாநிலம் விதித்த இணையத் தடையிலிருந்து அவற்றை விலக்கியது. 2025இல் இந்திய நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி இணையத்தில் ஆடும் ஆட்டம் எல்லாவற்றையும் தடை செய்து சட்டம் இயற்றியது.

தாய்மார்களுக்கு ஒரு செய்தி. நட்டாஷா டவ் ஷூல் என்ற அமெரிக்க ஆய்வாளர் லாஸ் வேகஸில் பல ஆண்டுகள் இந்த மெஷின்காரர்களோடு பேசி 2012இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் வருபவர்களில் பலர் ஜெயிப்பதற்காக ஆடவில்லை. மெஷின் முன்னால் உட்கார்ந்தால் வீடு, கடன், நேரம் எல்லாம் மறந்து போகிறது, அந்த மறதிக்காகவே ஆடுகிறார்கள். ஜெயித்தால்கூட அதையும் உள்ளேயே போடுகிறார்கள். ஆகவே "எவ்வளவு ஜெயிச்சே?" என்று மகனிடமோ புருஷனிடமோ கேட்பதைவிட, "எத்தனை மணி நேரம் இருந்தே?" என்று கேட்டுப் பாருங்கள்.

நான் அப்படித்தான் கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். தேதி வாரியாகத் தொகை எழுதியிருந்தான். அதற்குக் கீழே ஓர் அடகுச் சீட்டு ஒட்டியிருந்தது. மனைவியின் சங்கிலி. ஆறு மாதத்தில் மீட்காவிட்டால் போய்விடும், ஐந்து மாதம் ஓடிவிட்டது. ராயல் ஃப்ளஷ் விழுந்தால் மீட்டுவிடலாம் என்றுதான் 500 கேட்டிருக்கிறான்.

பணத்தை அவன் கையில் கொடுக்கவில்லை. அடுத்த நாள் காலை ஃபெர்ரி ஏறிப் போய், அக்காளைக் கூட்டிக்கொண்டு அடகுக்கடை வாசலில் நின்றேன். வட்டியோடு 640 வெள்ளி ஆயிற்று. மாதம் 80 வெள்ளியாகத் தருவதாகச் சொல்லியிருக்கிறான். முதல் 80 வந்துவிட்டது. நோட்டு இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. அவன் வரவைப் பின்பக்கத்தில் நான் எழுதி வருகிறேன்.