விளையாட்டின் விதியும் வாழ்வின் நீதியும்

"விளையாட்டு வினையாகும்" என்று எமது மூத்தோர் சொல்லி வைத்தனர். பிள்ளைகளின் விளையாட்டு சண்டையில் முடியும்போது மாத்திரமே இந்தப் பழமொழி எமக்கு நினைவுக்கு வருகிறது. ஆனால் இதனை இன்னொரு விதமாகவும் சிந்தித்துப் பார்க்கலாம். எந்த விளையாட்டிலும் எது சரி, எது பிழை, யார் முன்னேறலாம், யார் விலக வேண்டும் என்பதை யாரோ ஒருவர் முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்கிறார். அதனை ஏன் என்று கேளாமலே நாம் விளையாடுகிறோம். கேளாமல் ஏற்றுக்கொண்ட அந்த எண்ணம் பிறகு வாழ்க்கையிலும் எம்மோடு வந்துவிடுகிறது.

வினாயகபுரம், திருக்கோவில் தொடக்கம் கல்முனை வரையான இக்கரையோரத்தில் 1990ஆம் ஆண்டின் வன்செயலாலும், 2004 டிசம்பர் 26ஆம் திகதியின் ஆழிப்பேரலையாலும் இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்கள் பல உள்ளன. வயலை ஒரு தடவை இழந்தவர்களும் உண்டு. இரண்டு தடவை இழந்தவர்களும் உண்டு. அவர்களது பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் "எங்கட காணி ஏன் எங்களிட்ட இல்லை?" என்று கேட்கும்போது பெரியவர்கள் பெரும்பாலும் இரண்டு மறுமொழிகளையே சொல்கிறார்கள். ஒன்று, "எல்லாம் எங்கட தலைவிதி." மற்றது, "அவங்களாலதான் எல்லாம்." முதலாவது மறுமொழி பிள்ளையைச் சோர்ந்து உட்கார வைக்கிறது. இரண்டாவது அயலவனை வெறுக்க வைக்கிறது. இவ்விரண்டுக்கும் அப்பால் ஒரு கேள்வி உண்டு: "இந்த விதியை யார் வகுத்தார்கள்? அது நியாயமானதா? அதனை மாற்றலாமா?" இக்கேள்வியைக் கேட்கப் பழகுவதற்கு நல்ல இடம் பிள்ளைகளின் விளையாட்டுத்தான் என்பது எனது கருத்து.

பாம்பு கடித்தவன் பாவியா?

பாம்பும் ஏணியும் விளையாடாத பிள்ளை இல்லை. இது எமது பக்கத்து விளையாட்டே. தமிழ்நாட்டில் வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்திருப்பதற்காகப் பரமபதம் என்ற பெயரில் இதனை விளையாடுவார்கள். பழைய படங்களில் ஏணியின் அடியில் ஒரு நற்குணமும், பாம்பின் வாயில் ஒரு தீக்குணமும் இருக்கும். நன்மை செய்தவன் ஏறுவான், தீமை செய்தவன் இறங்குவான் என்பது பாடம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்விளையாட்டு இங்கிலாந்துக்குச் சென்றது. அங்கும் சிக்கனம், உழைப்பு, மனந்திரும்புதல் போன்ற சொற்களை எழுதியே ஆரம்பத்தில் அச்சிட்டார்கள். காலப்போக்கில் சொற்கள் மறைந்து பாம்பும் ஏணியும் மாத்திரம் எஞ்சின.

பாடம் நல்லதுதான். ஆனால் விளையாட்டை ஊன்றிக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். பாம்பின் வாயில் அகப்பட்டவன் எந்தத் தீமையும் செய்யவில்லை. கட்டை மூன்று காட்டியது, அவன் மூன்று கட்டம் நகர்ந்தான், பாம்பு கடித்தது. ஏணியில் ஏறியவனும் நன்மை எதுவும் செய்தவனல்லன். ஆயினும் மேலே நிற்பவனை நல்லவன் என்றும், கீழே விழுந்தவனைப் பாவி என்றும் படம் சொல்கிறது. இடம்பெயர்ந்த ஒரு தாயைப் பார்த்து, "நீங்கள் என்ன பாவம் செய்தீர்களோ" என்று உறவினர் சொல்வதும் இதே கணக்குத்தான். ஆகவே பிள்ளைகள் இதனை விளையாடும்போது, "இவன் என்ன பிழை செய்தான், இவ்வளவு தூரம் கீழே வர?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் யோசிக்கத் தொடங்குவார்கள்.

காணி பிடிக்கும் விளையாட்டு

அடுத்ததாக மொனோபோலி என்ற விளையாட்டைப் பார்ப்போம். காணி வாங்குவதும், வீடு கட்டுவதும், அக்காணியில் வந்து நிற்பவரிடம் வாடகை அறவிடுவதும், மற்றவர்களை வங்குரோத்தாக்கி ஒருவர் மாத்திரம் எஞ்சுவதும் இவ்விளையாட்டின் போக்கு. பணம் சேர்க்கப் பழக்கும் விளையாட்டு என்றே பலரும் இதனை எண்ணுகிறார்கள். ஆனால் இதன் மூலம் வேறு.

அமெரிக்காவில் எலிசபெத் மகீ என்ற பெண்மணி 1904ஆம் ஆண்டில் 'நிலச் சொந்தக்காரர் விளையாட்டு' என்ற ஒன்றுக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். எமது பக்கத்து வழக்கில் 'போடியார் விளையாட்டு' என்று சொல்லிக்கொள்ளலாம். நிலம் ஒரு சிலரின் கையில் குவிவதால் உழைப்பவன் எப்படி வறியவனாகிறான் என்பதை விளக்குவதே அவரது நோக்கம். நிலத்தின் வருமானம் சமூகத்துக்கே உரியது என்று வாதிட்ட ஹென்றி ஜோர்ஜ் என்பவரின் கருத்துகளை அவர் பின்பற்றினார். அவர் தமது விளையாட்டுக்கு இரண்டு விதமான விதிகளை வகுத்தார். ஒன்றின்படி காணி பிடித்தவன் மற்றவர்களை ஒழித்து வெல்வான். மற்றதன்படி காணி வாடகை பொது நிதிக்குச் செல்லும். மிகக் குறைந்த பணத்துடன் தொடங்கியவரின் பணம் இரட்டிப்பாகும்போது எல்லோரும் வென்றதாகக் கொள்ளப்படும்.

1935இல் ஒரு கம்பனி 500 டொலர் கொடுத்து அவரது உரிமையை வாங்கியது. உலகமெங்கும் விற்பனையான மொனோபோலிப் பெட்டியில் முதலாவது விதி மாத்திரமே இடம்பெற்றது. எல்லோரும் வெல்லும் விதி பெட்டிக்கு வெளியே நின்றுவிட்டது. கெட்ட விதியைச் சுட்டிக்காட்டப் பிறந்த விளையாட்டே அந்த விதியைக் கொண்டாடும் விளையாட்டாகிவிட்டது.

இதில் எமக்குள்ள படிப்பினை பெரிது. இவ்விளையாட்டில் யார் எந்த இடத்தில் அமர்ந்தாலும் முடிவு ஒன்றே. அன்புள்ள அக்கா விளையாடினாலும் தம்பியை வங்குரோத்தாக்கியே வெல்ல வேண்டும். இங்கே கெட்டவன் விளையாடுபவன் அல்லன்; விதிதான் கெட்டது. எமது மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 1990இல் பொத்துவில் கனகர் கிராமத்திலிருந்து இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் தமது காணியைக் கேட்டு 2018இல் தொடர் போராட்டத்தில் அமர்ந்தன. 2010 ஜூலையில் பாணமை ராகம்வெலவிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் சிங்கள விவசாயிகளும் மீனவர்களும் ஆவர். 2011இல் அஷ்ரப் நகரில் காணியை இழந்தவை முஸ்லிம் குடும்பங்கள். "அவங்களாலதான் எல்லாம்" என்று இம்மூன்று சாராரும் ஒருவரையொருவர் சுட்டிக்கொண்டிருந்தால், காணி யாரிடம் எப்படிப் போயிற்று என்ற கேள்வியைக் கேட்க ஆளில்லாமற் போய்விடும்.

சட்டம் அனுமதித்தால் போதுமா?

கிறிக்கெட் இல்லாத கடற்கரை எமது பக்கத்தில் இல்லை. 2023 நவம்பர் 6ஆம் திகதி டில்லியில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியை இளைஞர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இலங்கையின் அஞ்சலோ மெத்தியூஸ் துடுப்பெடுத்தாட வந்தபோது அவரது தலைக்கவசத்தின் பட்டி அறுந்தது. இரண்டு நிமிட நேரத்துக்குள் பந்தைச் சந்திக்கத் தயாராகவில்லை என்று பங்களாதேஷ் அணித் தலைவர் ஷகிப் அல் ஹசன் முறையிட்டார். ஒரு பந்தைக்கூடச் சந்திக்காமல் மெத்தியூஸ் ஆட்டமிழந்தார். சர்வதேசப் போட்டியொன்றில் இவ்வாறு ஆட்டமிழந்த முதலாவது வீரர் அவரே. விதிப்படி அது சரி. நியாயப்படி சரியா? இக்கேள்வி அன்று பல தெருச் சந்திகளில் விவாதிக்கப்பட்டது.

இது போன்ற இன்னொரு சம்பவம் 1981 பெப்ரவரி 1ஆம் திகதி மெல்பேணில் நிகழ்ந்தது. கடைசிப் பந்தில் நியூசிலாந்துக்கு ஆறு ஓட்டங்கள் கிடைத்தால் போட்டி சமனாகும். அவுஸ்திரேலிய அணித் தலைவர் கிரெக் சப்பல் தமது தம்பி ட்ரெவரிடம் பந்தை நிலத்தோடு உருட்டிவிடச் சொன்னார். அன்றைய விதியில் அதற்குத் தடை இல்லை. ஆனால் உலகம் அதனை ஏற்கவில்லை. பின்னர் அந்த விதியே மாற்றப்பட்டது.

இவற்றைப் பற்றி இளைஞர்கள் சூடாகப் பேசுவார்கள். அவ்வேளையில் அவர்களிடம் இன்னொன்றையும் கேட்க வேண்டும். கச்சேரியிலோ பிரதேச செயலகத்திலோ, "உத்தரவுப் பத்திரம் இல்லை, ஆகவே காணி உங்களுடையதல்ல" என்று சொல்லும்போது, அது சட்டப்படி சரியாக இருக்கலாம். பத்திரம் எரிந்துபோனதும் கடலோடு போனதும் யாருடைய குற்றம்? சட்டப்படி சரி, ஆனால் நியாயமில்லை என்று ஒரு பந்தைப் பற்றிச் சொல்லத் தெரிந்த இளைஞனுக்குத் தன் தந்தையின் வயலைப் பற்றியும் சொல்லத் தெரியும். விதி மாற்றப்படக்கூடியது என்பதையும் அவன் அறிந்திருப்பான்.

சபையில் எழுந்த கேள்வி

கல்முனைக்கு அண்மையில் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்தில் ஆண்டுதோறும் பாரதக் கதையை ஒட்டிப் 18 நாட்கள் விழா நடைபெறுகிறது. வனவாசம் செல்வதையும் தீமிதிப்பையும் காணப் பெருந்திரளான மக்கள் கூடுகிறார்கள். அக்கதையின் நடுவில் இருப்பதும் ஒரு விளையாட்டே. சூதில் தருமர் நாட்டை இழந்தார், தம்பியரை இழந்தார், தம்மை இழந்தார், பின்னர் திரௌபதியையும் வைத்து இழந்தார். "தம்மை முன்னர் இழந்தாரா, என்னை முன்னர் இழந்தாரா?" என்று திரௌபதி கேட்டாள். தம்மையே இழந்தவருக்கு இன்னொருவரைப் பணயம் வைக்க உரிமை ஏது என்பது அக்கேள்வியின் பொருள். விடை சொல்ல வீடுமராலும் இயலவில்லை. அவளுக்காகப் பேசியவர்களுள் விகர்ணனும் ஒருவன். அவன் துரியோதனனின் சொந்தத் தம்பி. எதிர்ப்பக்கத்திலும் நியாயம் பேசுபவன் இருப்பான் என்பதை எமது பிள்ளைகள் அறிய வேண்டும்.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்த பாண்டவர்கள் ஐந்து ஊராவது தரும்படி கேட்டார்கள், அதுவும் மறுக்கப்பட்டது. இடம்பெயர்ந்தவர்களுக்கு இக்கதையை விளக்கத் தேவையில்லை. ஆனால் நாம் தீமிதிப்பைப் பார்த்துவிட்டு வீடு திரும்பிவிடுகிறோம். திரௌபதியின் கேள்வியைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை.

எப்படிச் செய்யலாம்?

இதற்குப் பெரும் செலவு இல்லை. சனசமூக நிலையத்தின் முற்றத்தில் முப்பது கட்டங்களைக் கீறி, பாம்பையும் ஏணியையும் பிள்ளைகளே தீர்மானிக்கட்டும். வெள்ளம், விளையுமுன்பே நெல்லை விலைபேசிக் கொடுத்த கடன், தொலைந்த உறுதி, அயலவர் தந்த விதைநெல் என்று அவர்கள் சொல்வார்கள். எமது பிழையால் வந்ததைக் கரியாலும், இயற்கையால் வந்ததைச் செங்கட்டியாலும், மனிதர் வகுத்த விதியால் வந்ததைச் சுண்ணாம்பாலும் குறிக்கச் செய்யுங்கள். எது எந்த நிறம் என்பதில் எழும் வாதமே உண்மையான பாடம். காணி விளையாட்டைப் புளியங்கொட்டையால் ஆடலாம். முதலில் இரண்டு பேருக்கு மாத்திரம் காணியைக் கொடுத்து ஆடிவிட்டு, பிறகு வாடகை பொதுப் பாத்திரத்துக்குச் செல்லும் விதியில் ஆடிப் பார்க்கட்டும்.

முஸ்லிம் அயலவரின் பிள்ளைகளும் சேரும்போது தாயக்கட்டையை விட்டுவிடுவது நல்லது. பகடை உருட்டுவதை அவர்களது மார்க்கம் விலக்குகிறது. கட்டைக்குப் பதிலாக ஒவ்வொரு கட்டத்திலும், "நீ இப்போது என்ன செய்வாய்?" என்று கேட்டு, சொல்லும் மறுமொழிக்கேற்ப நகரச் செய்யலாம். பாம்பு காரணமின்றிக் கடிக்கும் குறையும் அதனால் நீங்கும். தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் விளையாட்டாலும் கலையாலும் ஒன்றுசேர்க்கும் முயற்சி எமது மாகாணத்துக்குப் புதியதல்ல. 1996இல் மட்டக்களப்பில் போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடிய ஓவியர் போல் ஹோகனும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே அதனைச் செய்து காட்டியது.

இரண்டு விடயங்களில் கவனம் தேவை. நேரில் கண்ட கொடுமையை நடித்துக் காட்டும்படி எந்தப் பிள்ளையையும் கேட்கக் கூடாது. விளையாட்டில் காசு வைக்கவும் கூடாது. சூதும் லொத்தரும் எமது குடும்பங்களிடமிருந்து போதியளவு எடுத்துவிட்டன.

"உலை வைக்க அரிசி இல்லை, இதில் விளையாட்டா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. விளையாட்டால் காணி திரும்பி வராது. ஆனால் காணிக்காகப் பிரதேச செயலகத்துக்கும் ஆணைக்குழுவுக்கும் போக வேண்டியவர்கள் நாளை இப்பிள்ளைகள்தான். "தலைவிதி" என்று தலைகுனிந்தும் போகாமல், அயலவன்மீது கோபத்தோடும் போகாமல், "இந்த விதி நியாயமானதா?" என்று நிதானமாகக் கேட்கத் தெரிந்தவர்களாக அவர்கள் போக வேண்டும். எதிர்வரும் பாடசாலை விடுமுறையில் மாதர் சங்கங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் வாரத்தில் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். பெரியவர்களும் நிலத்தில் அமர்ந்து பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு அவசரப்பட்டு மறுமொழி சொல்லிவிடாதீர்கள்.