வண்ண மீன் மானியம்: ஜிலேபிக் கெண்டையை மறந்துவிடாதீர்கள்

கொல்லைப்புறத்தில் வண்ண மீன் வளர்க்க மானியம் கிடைக்குமா என்று கேட்கும் விவசாயிகள் பெருகிவிட்டார்கள். கிடைக்கும். 2020-இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கொல்லைப்புற அலகுக்கான மதிப்பீடு 3 லட்சம் ரூபாய். பொதுப் பிரிவினருக்கு இதில் 40 சதவீதமும், பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம். அடுத்த கேள்வி, எந்த மீன் என்பது. சென்னை கொளத்தூர் சந்தையைப் பார்த்து வந்தவர்கள் ஏஞ்சல், ஆஸ்கர், ஃபிளவர்ஹார்ன், மலாவி மீன்கள் என்று அடுக்குவார்கள். இவை அனைத்தும் சிக்லிட் குடும்பம்.

இந்தக் குடும்பத்தில் ஒன்றை நீங்கள் நன்றாகவே அறிவீர்கள். நம் ஏரி, குளமெங்கும் இருக்கும் ஜிலேபிக் கெண்டைதான் அது. ஆப்பிரிக்காவின் இந்த மீன் 1952-இல் இலங்கை வழியாக மண்டபத்துக்கு வந்தது. மேலும் பரப்பக் கூடாது என்று 1959-இலேயே தடை வந்தது. அதற்குள் மீன் வெளியேறிவிட்டது. தாய் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துக் காப்பதால் குஞ்சுகள் பெரும்பாலும் பிழைத்துவிடுகின்றன. வீட்டுத் தொட்டியில் சிக்லிட்டைப் பெருக்குவது எளிதாக இருப்பதற்கும் இந்தக் குஞ்சு காக்கும் குணமே காரணம்.

மீனைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்கள் தண்ணீரைப் பரிசோதியுங்கள். ஏஞ்சல், டிஸ்கஸ் இரண்டும் அமேசான் பகுதியின் மென்னீர் மீன்கள். நம் ஆழ்துளைக் கிணற்றுக் கடின நீரில் ஏஞ்சல் உயிர் வாழும். முட்டை பொரிப்பதுதான் குறையும். மழைநீர் சேமிப்பு இருந்தால் அவற்றை வளர்க்கலாம். மலாவி ஏரி மீன்களுக்கோ கார அமிலநிலை 7.8 முதல் 8.6 வரை உள்ள கடின நீரே பிடிக்கும். பயிருக்கு ஒத்துவராத சுண்ணாம்பு நீர் இங்கே உதவுகிறது. சோடிய உப்பு மிகுந்த நீர் வேறு; அதை இதோடு குழப்ப வேண்டாம்.

புதுத் தொட்டியில் மீன் சாவதற்குப் பெரும்பாலும் நோய் காரணமல்ல, அம்மோனியாதான் காரணம். யூரியா இட்ட வயலில் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் அதே வகை நுண்ணுயிர்கள் வடிகட்டியிலும் பெருக வேண்டும். அதற்கு 4 முதல் 6 வாரம் ஆகும். கார நீரில் அம்மோனியாவின் நச்சு அதிகம்; களர் நிலத்தில் யூரியா ஆவியாவதற்கும் வேதியியல் ஒன்றே. ஆகவே மலாவி மீன் வளர்ப்பவர் அவசரப்படக் கூடாது. கழிவு நீரைக் கீரைப் பாத்திக்கு விடுங்கள்.

மஞ்சள் மலாவி மீனுக்கு 4 அடித் தொட்டியில் ஓர் ஆணுக்கு மூன்று, நான்கு பெண்கள் என்ற கணக்கு போதும். பெண் மீன் ஏறக்குறைய மூன்று வாரம் முட்டைகளை வாயில் சுமக்கும். அந்த நாட்களில் இரை எடுக்காது. தாடை உப்பியதும் அதைத் தனித்தொட்டிக்கு மாற்றலாம். குஞ்சுகள் சில பத்துகளே கிடைக்கும். ஏஞ்சல் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ஆனால் பெற்றோரே அவற்றைத் தின்பதும் உண்டு. முட்டை ஒட்டிய பலகையை எடுத்துவிடுவதே வழக்கம். ஒரு தொட்டிக்கு ஒரு மலாவி இனம் மட்டும் வையுங்கள். கலந்து வைத்தால் கலப்புக் குஞ்சுகள் பிறக்கும், வியாபாரி வாங்க மாட்டார்.

ஆஸ்கரையும் ஃபிளவர்ஹார்னையும் நான் பரிந்துரைப்பதில்லை. ஆஸ்கர் ஓரடி நீளம் வளரும்; வளர்த்தவர் சலித்துப்போய் ஏரியில் விட்டுவிடுவார். தொட்டிப் பாசியைத் தின்ன வாங்கிய டேங்க் கிளீனர் மீன் இப்படித்தான் சென்னைச் சுற்றுப்புற ஏரிகளுக்குள் புகுந்தது. அது சிக்லிட் அல்ல என்றாலும் வழி ஒன்றுதான். ஃபிளவர்ஹார்ன் மலேசியாவில் மனிதர் உருவாக்கிய கலப்பினம். அதன் விலை ஆசைப்படுவோரின் மோகத்தைப் பொறுத்தே ஏறி இறங்கும்.

மானியம் தரும்போது தொட்டியின் அளவை மட்டும் பார்த்தால் போதாது, வடிகால் எங்கே போகிறது என்பதையும் அலுவலர்கள் பார்க்க வேண்டும் என்பேன். கால்வாயை ஒட்டிய தாழ்வான இடத்தில் அலகு வேண்டாம். வெளியேறும் குழாயில் நுண் வலை கட்டுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் தொட்டி விளிம்பை உயர்த்துங்கள். விற்காத மீனைக் குளத்தில் விடாமல் வாங்கிய வியாபாரியிடமே திருப்பிக் கொடுக்க முன்கூட்டியே பேசி வையுங்கள்.