58 பைசா கார்

நடுராத்திரியில் செய்யக் கூடாத காரியங்கள் மூன்று. பழைய காதலிக்கு லெட்டர் எழுதுவது, மேலதிகாரிக்கு ராஜினாமா எழுதுவது, இன்டர்நெட்டில் பழைய கார் பார்ப்பது. முதல் இரண்டையும் விடிந்ததும் கிழித்துப் போட்டுவிடலாம். மூன்றாவதில் 'அட்வான்ஸ் அனுப்பு' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அங்கேதான் நான் தொலைந்தேன்.

என் கனவு ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். இங்கிலாந்துக்காரன் 1962-ல் ஆரம்பித்து 1980 வரை தயாரித்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே ஸீட். கூரையை மடக்கிவிட்டால் தலைமுடி பறக்கும். (என் விஷயத்தில் மிச்சமிருப்பதும் பறந்துவிடும், பரவாயில்லை!) ஒருநாள் இங்கிலாந்து விளம்பரம் ஒன்றைப் பார்த்து, இங்கே கொண்டுவர முடியுமா என்று விசாரித்தேன். முன்பெல்லாம் 1950-க்கு முந்தைய வின்டேஜ் கார்தான் வரலாம் என்று விதி. 2025-ல் அதைத் தளர்த்தி, 50 வயது தாண்டிய கார் சொந்த உபயோகத்துக்கு வரலாம் என்றார்கள். சந்தோஷமாக வரியையும் கப்பல் கூலியையும் கூட்டிப் பார்த்தேன். கூட்டி முடித்ததும், கார் வேண்டாம், வரியை மட்டும் கட்டிவிட்டு வந்தாலே ஊரில் என்னைப் பணக்காரன் என்பார்கள் என்று தெரிந்தது.

அப்போதுதான் ஒரு உண்மை கண்ணில் பட்டது. ஸ்பிட்ஃபயரின் அஸ்திவாரமே ட்ரையம்ஃப் ஹெரால்டுதான். ஹெரால்டின் சேசிஸை நறுக்கிச் சுருக்கி, அதன் மேல் கட்டியதுதான் ஸ்பிட்ஃபயர். இரண்டுக்கும் வடிவம் கொடுத்தவர் ஒரே ஆள், மிக்கெலோட்டி என்ற இத்தாலிக்காரர். அந்த ஹெரால்டை 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரித்தது யார்? நம்ம மெட்ராஸ், சார்! வண்டலூர் பக்கம் இருந்த ஃபேக்டரி. கோட்டு போட்டால் ஸ்பிட்ஃபயர், வேட்டி கட்டினால் ஹெரால்டு. 1960-களில் சோழவரம் ரேஸில்கூட ஓடிய வண்டி. ஆகவே ஹெரால்டும் ஸ்போர்ட்ஸ் கார்தான் என்று ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

விளம்பரம் காரைக்குடி பக்கத்திலிருந்து. '1965 மாடல், இரண்டு கதவு, ரன்னிங் கண்டிஷன், விலை 1,60,000.' நாலு போட்டோ. நாலும் இடது பக்கத்திலிருந்தே எடுத்தது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும்போது இப்படி ஒரு பக்க போட்டோ மட்டும் வந்திருந்தால் என் அம்மா தரகரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். எனக்கு அந்த புத்தி வேலை செய்யவில்லை. 10,000 ரூபாயை போனிலேயே தட்டிவிட்டேன்.

நான் பி.காம். என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். காலேஜில் தேய்மானம் என்று ஒன்று சொல்லிக்கொடுத்தார்கள். வருஷத்துக்கு 15 சதவிகிதம், மிச்சத்தில் மறுபடி 15 சதவிகிதம் என்று குறைத்துக்கொண்டே போக வேண்டும். 1965-ல் ஒரு காரின் விலை 10,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 60 வருஷம் கழித்து அதன் மதிப்பு எவ்வளவு? கால்குலேட்டரில் போட்டேன். 58 பைசா! இந்த முறையில் எந்தச் சொத்தும் பூஜ்யம் ஆவதே இல்லை என்று எங்கள் புரொபசர் பெருமையாகச் சொல்வார். அந்த 58 பைசாவுக்குத்தான் நான் 1,60,000 ரூபாய் பேசியிருந்தேன்.

காலையில் பயம் வந்தது. புதுப்பேட்டைக்கு ஓடினேன். அங்கே எழுபது வயது பாய் ஒருத்தர். சின்ன வயதில் ஹெரால்டு கழற்றித்தான் தொழில் பழகினாராம். என் ப்ளானை பிரிண்ட் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். முதல் வரி: 'சிவப்பு பெயின்ட் - 60,000.' இரண்டாவது: 'லெதர் ஸீட் - 30,000.' மூன்றாவது: 'மியூசிக் சிஸ்டம்.' கடைசி வரி: 'இன்ஜின் இதர - 10,000.'

பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு அவமானமாக இருந்தது.

"தம்பி, இத தலைகீழா புடிச்சிப் படிச்சா சரியா வரும்" என்றார். "வண்டின்னா முதல்ல நிக்கணும். அப்புறம் நிறுத்துனா நிக்கணும். அப்புறம்தான் ஓடணும். அழகு கடைசி."

அதாவது முதலில் சேசிஸ், பிறகு பிரேக், பிறகு இன்ஜின், கடைசியில் பெயின்ட். ராத்திரி பஸ்ஸில் அவரையும் ஏற்றிக்கொண்டு காரைக்குடி கிளம்பினேன். வீட்டில் 'ஒரு கட்டுரை விஷயமா' என்று சொன்னேன். பாருங்கள், இப்போது அது உண்மையாகிவிட்டது!

கார் ஒரு பழைய வீட்டின் மாட்டுக்கொட்டகையில் இருந்தது. 'ரன்னிங் கண்டிஷன்' என்றது பொய்யில்லை. உள்ளே எலிகள் நல்ல ரன்னிங்கில் இருந்தன. வலது பக்கம் போய்ப் பார்த்தபோதுதான் போட்டோக்காரரின் திறமை புரிந்தது.

பாய் ஜோப்பிலிருந்து துணியில் சுற்றிய பழைய ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்தார். கார் மேல் ஒவ்வொரு இடமாக வைத்தார். இரும்பு என்றால் ஒட்டும், பட்டி வைத்து நிரப்பியிருந்தால் ஒட்டாது. ஆறு இடத்தில் காந்தம் கீழே விழுந்தது. ஒவ்வொரு தடவையும் என் வயிற்றில் ஏதோ விழுந்தது. அப்புறம் தரையில் படுத்து, சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கைகளை ஸ்க்ரூ டிரைவரால் குத்தினார். வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது.

பானெட்டைத் திறந்தார். ஹெரால்டில் பானெட் மட்டுமில்லை, மட்கார்டு, ஹெட்லைட் எல்லாமே சேர்ந்து முன்பக்கமாக மடங்கும். முதலை வாய் பிளந்த மாதிரி முழு இன்ஜினும் தெரியும். 948 சி.சி.தான். அந்த அழகில் நான் வாயைப் பிளந்து நிற்க, பாய் முன் சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, "போச்சு" என்றார்.

சக்கரத்தைத் தாங்குகிற இரும்புத் தண்டு, கீழே ஒரு வெண்கலக் கூட்டுக்குள் திருகு மாதிரி திரும்பும். ட்ரனியன் என்று பேர். அதற்கு ஊற்ற வேண்டியது கியர் ஆயில். நம்ம ஊரில் நிறைய பேர் கிரீஸ் கன்னை வைத்து கிரீஸ் அடித்துவிடுவார்களாம். வெளியே பார்த்தால் பளபளவென்று பிரமாதமாக இருக்கும். ஆனால் கிரீஸ் திருகுக்குள் சரியாகப் போகாது. தண்ணீர் போய்விடும். உள்ளே துரு ஏறி, ஒரு நாள் வளைவில் திரும்பும்போது தண்டு ஒடிந்து சக்கரம் படுத்துக்கொள்ளும். அதே அமைப்புதான் ஸ்பிட்ஃபயரிலும். இதில் ஒரு நல்ல சேதியும் உண்டு. ஸ்பிட்ஃபயர் மூன்று லட்சத்துக்கு மேல் விற்ற வண்டி என்பதால், இந்த பார்ட்டுகளை இங்கிலாந்தில் இன்னும் செய்து விற்கிறார்கள். தபாலில் வரவழைக்கலாம்.

"சிவப்பு பெயின்ட் அடிச்சிட்டு, பீச் ரோட்டுல ஒரு ரவுண்டு போயிருப்பே" என்றார் பாய். "அப்புறம் உன்னைத்தான் பட்டி பாக்கணும்."

விற்கிறவர் ரிட்டயர்டு வாத்தியார். குற்றம் குறையெல்லாம் கேட்டுவிட்டு, கோபப்படாமல் பானெட்டின் மேல் கையை வைத்தார். "எங்கப்பா ஓட்டின வண்டி தம்பி. மழை பேஞ்சா என்னை ஸ்கூல்ல விடுவாரு. வீட்டை விக்கிறோம். காயலான் கடைக்காரர் எடைக்குக் கேக்கறாரு. மனசு வரலை."

விலை 90,000-க்கு இறங்கியது. இன்னும் 20,000 இறக்கலாம் என்று என் பி.காம். மூளை சொன்னது. பாய் என் கையை அழுத்தினார். "வண்டிக்குப் பேசு தம்பி. அவங்க அப்பாவுக்குப் பேசாதே."

ஆர்.சி. புத்தகத்தில் இருந்த சேசிஸ் நம்பரையும் வண்டியில் இருந்த நம்பரையும் பாய் ஒப்பிட்டுப் பார்த்தார். சரியாக இருந்தது. புத்தகம் வாத்தியாருடைய அப்பா பெயரில் இருந்ததால் வாரிசுச் சான்றிதழும் வாங்கிக்கொண்டோம். மிச்சம் 80,000-ஐ அனுப்ப, நானும் மனைவியும் சேர்ந்து போட்டு வந்த ஆர்.டி.யை போனிலேயே உடைத்தேன்.

இங்கேதான் ஒரு சின்ன விஷயத்தை உங்களிடம் மறைத்துவிட்டேன். அந்த ஆர்.டி. என் மனைவிக்கு ஸ்கூட்டர் வாங்கப் போட்டது. தாம்பரத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி ஆபீஸ் போகிறாள். உட்கார இடம் கிடைத்த நாளை வீட்டுக்கு வந்ததும் பண்டிகை மாதிரி சொல்வாள். கார் வந்ததும் அவளைக் காரிலேயே கொண்டுபோய் விடலாம் என்று நானே ஒரு நியாயம் பண்ணிவைத்திருந்தேன்.

ஜாயின்ட் அக்கவுன்ட் என்றால் எஸ்.எம்.எஸ். இரண்டு பேருக்கும் போகும். இதை எந்த பி.காம். புத்தகத்திலும் போடவில்லை.

ஐந்தாவது நிமிஷம் போன் வந்தது. பின்னால் பஸ் சத்தம். "என்னங்க, ஆர்.டி. க்ளோஸ்னு மெசேஜ் வந்திருக்கு. யாராவது திருடிட்டாங்களா?"

"திருடன் இல்லை. நான்தான்" என்றேன்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "சரி, ஸ்டாப்பிங் வந்துடுச்சு" என்று வைத்துவிட்டாள். இருபது நிமிஷம் திட்டியிருந்தால்கூட தாங்கியிருப்பேன்.

காரை லாரியில் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். வண்டலூர் வந்ததும் பாய் டிரைவரிடம், "கொஞ்சம் மெதுவா போப்பா, பொறந்த வீடு தாண்டுது" என்றார். அந்த ஃபேக்டரி 1980-களின் கடைசியிலேயே மூடியாகிவிட்டது. ஆனாலும் எனக்கு லேசாகத் தொண்டை அடைத்தது. வீட்டுக்கு வந்ததும் இதை உருக்கமாகச் சொன்னேன்.

"பொறந்த வீட்டுலயே விட்டுட்டு வந்திருக்கலாமே" என்றாள் என் மனைவி.

பிறகு காரைச் சுற்றி வந்தாள். "இதுல என்னை எப்போ ஆபீஸ்ல விடுவீங்க?"

நான் 2021-ல் வந்த வின்டேஜ் விதியை விளக்கினேன். 50 வயது தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டியை வின்டேஜ் என்று பதிவு செய்யலாம். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, பேரணி மாதிரி காரியங்களுக்குத்தான் எடுக்கலாம். தினசரி ஓட்டக் கூடாது.

"அதாவது, ஓடாதவரைக்கும் ஓடாது. ஓடினா ஓட்டக் கூடாது. அப்படித்தானே?"

இவ்வளவு சுருக்கமாக அந்த அரசாணையை எழுதியவர்கூட சொல்லியிருக்க மாட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு, பாய் சொன்ன வரிசைப்படி திருத்தி எழுதிய ப்ளானை நீட்டினேன். 'முதலில் சேசிஸ். வெளியே தெரியாததுதான் வண்டியைத் தாங்குகிறது' என்று தலைப்பில் பெருமையாக எழுதியிருந்தேன்.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். "இந்த வீட்டுக்கு சேசிஸ் யாருங்க?" என்று கேட்டாள்.

பதில் சொல்லவில்லை. பேனாவை வாங்கினேன். சேசிஸுக்கு மேலே புதிதாக ஒரு வரி எழுதினேன்: 'ஸ்கூட்டர்.'

ஸ்கூட்டர் தவணையில் வந்துவிட்டது. தவணை என் எழுத்துச் சன்மானத்தில். இந்தக் கட்டுரையை நீங்கள் படிப்பதே ஆறாவது தவணைக்காகத்தான்! கார் தார்ப்பாய்க்குள் இருக்கிறது. பாடியைத் துண்டு துண்டாக போல்ட் கழற்றி எடுக்கும்படி செய்த வண்டி என்பதால், பாய் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து ஒவ்வொன்றாக இறக்கிவைக்கிறார். சேசிஸில் நாலு கை புதிதாக வெல்டிங் ஆகிவிட்டது. ட்ரனியன் தபாலில் வந்துவிட்டது. பெயின்ட் வரிக்கு எதிரே இப்போதைக்கு ஒதுக்கீடு பூஜ்யம். தேய்மானக் கணக்கில் வராத பூஜ்யம் என் கணக்கில் வந்துவிட்டது, புரொபசர் மன்னிக்க.

போன ஞாயிறு புதுப்பேட்டைக்கு ஸ்ப்ரிங் பட்டை வாங்கப் போனோம். அவள் ஸ்கூட்டர் ஓட்டினாள். நான் பின்னால், மடியில் ஸ்ப்ரிங் பட்டையோடு. சிக்னலில் பக்கத்து பைக்காரர் பார்த்துவிட்டு, "எந்த வண்டிக்கு சார் இவ்ளோ பெரிய பட்டை?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் முன்னாலிருந்து பதில் வந்தது.

"எங்க ஸ்போர்ட்ஸ் காருக்கு!"

எங்க... கவனித்தீர்களா, சார்?