வயலைக் காக்கும் ஊராட்சிக்கும் ஒரு பங்கு வேண்டும்

திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரைக்கோ நெடுமங்காட்டுக்கோ பேருந்தில் போகிறவரிடம் நகரம் எந்த இடத்தில் முடிந்தது என்று கேட்டால் பதில் சொல்லத் திணறுவார். ஒரு கடைத்தெரு ஓய்வதற்குள் அடுத்தது தொடங்கிவிடும். இடையில் தென்னைக்கும் பலாவுக்கும் நடுவே வீடுகள் தொடர்ந்து வரும். 2011 கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1,500 பேர் வாழ்ந்தார்கள். கேரளம் முழுவதிலும் ‘கணக்கெடுப்பு நகரங்கள்’ 2001இல் 99 இருந்தன. பத்தே ஆண்டுகளில் 461 ஆகிவிட்டன. மக்கள்தொகை 5,000, சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் தொழிலாளர்களில் முக்கால்வாசிப் பேர் விவசாயத்துக்கு வெளியே என்ற மூன்று அளவுகளையும் தாண்டினால் ஓர் ஊர் அந்தப் பட்டியலில் ஏறிவிடும். ஆனால் அதை ஆள்வது பழைய கிராம ஊராட்சிதான். இந்த ஊர்களைத் தலைநகரம் என்னதான் செய்ய வேண்டும்? விழிஞம் துறைமுகம் 2025 மே மாதம் முறைப்படி திறக்கப்பட்டு, விழிஞத்திலிருந்து நாவாய்க்குளம் வரை வெளிவட்டச் சாலை திட்டமிடப்பட்டிருக்கும் இந்த நேரத்தில் அக்கேள்வியைத் தள்ளிப்போட முடியாது.

வழக்கமான பதில் ஊராட்சிகளை மாநகராட்சியோடு சேர்த்துவிடுவது. 2010இல் ஸ்ரீகாரியம், வட்டியூர்க்காவு, குடப்பனக்குன்னு, கழக்கூட்டம், விழிஞம் ஆகிய ஐந்து ஊராட்சிகள் அப்படித்தான் சேர்க்கப்பட்டன. சென்னை மாநகராட்சியும் 2011இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. சாலை, குடிநீர், வடிகால் எல்லாம் ஒரே கையில் இருந்தால் திட்டமிட எளிது என்ற வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் சேர்க்கப்படும் ஊர் இழப்பது எது என்பதை நகருக்கு வெளியே உள்ள விளப்பில்சாலை காட்டியது. 2000இல் தலைநகரின் குப்பையைப் பதப்படுத்தும் ஆலை அங்கே வந்தது. நாற்றமும் கழிவுநீரும் தாங்காமல் மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2011 டிசம்பரில் விளப்பில் ஊராட்சியே ஆலையைப் பூட்டியது. அதன் பிறகுதான் நகரம் தன் குப்பையைத் தன் வார்டுகளுக்குள்ளேயே உரமாக்கப் பழகியது. அந்த முறை பின்னர் பாராட்டையும் பெற்றது. விளப்பில் அன்றைக்கு மாநகராட்சியின் ஒரு வார்டாக இருந்திருந்தால் பூட்டும் அதிகாரம் யாரிடம் இருந்திருக்கும்? 2025இல் தமிழ்நாட்டில் கிராம ஊராட்சிகளை நகராட்சி, மாநகராட்சிகளோடு இணைக்கும் அறிவிப்பு வந்தபோது பல ஊர்களில் எதிர்ப்பு எழுந்தது. வரி உயரும், நூறு நாள் வேலை போய்விடும் என்ற அச்சம் அதற்கு வெளிப்படையான காரணம். தங்கள் ஊரைப் பற்றித் தாங்களே முடிவெடுக்கும் மேடை போய்விடும் என்பதும் அதில் அடங்கியிருந்தது.

இரண்டாவது பதில் லண்டனைப் பார்த்துச் சொல்லப்படுவது: நகரைச் சுற்றிக் கட்டடம் எழக் கூடாத பசுமை வளையம் ஒன்றை வரைந்துவிடுங்கள் என்பது. அங்கே 1938இல் அதற்கென்று சட்டம் வந்தது; 1944இல் நகரமைப்பு வல்லுநர் பேட்ரிக் அபர்குரோம்பியின் திட்டம் அதை விரித்தது. இன்றும் லண்டனுக்குத் தெற்கே டான்ட்ரிட்ஜ் மாவட்டத்தின் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் அந்த வளையத்துக்குள் இருக்கிறது. வளையம் வயல்களையும் கிராமங்களின் தோற்றத்தையும் காத்தது உண்மை. வீட்டு விலையை ஏற்றி, வேலைக்குப் போகிறவர்களை வளையத்துக்கு அப்பால் குடியேறத் தள்ளியது என்ற குற்றச்சாட்டும் அதே அளவு பழையது. நமக்கு அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் கிராமங்களில் வீடுகள் ஓரிடத்தில் குவிந்திருக்கும்; சுற்றிலும் திறந்த வயல் கிடக்கும். அதனால் கோடு போட முடிந்தது. திருவனந்தபுரத்தைச் சுற்றி ஒவ்வொரு தோப்புக்குள்ளும் ஒரு வீடு இருக்கிறது. இங்கே வளையம் வரைந்தால், ஏற்கெனவே குடியிருக்கும் லட்சக்கணக்கானவர்களின் வீட்டின் மேல்தான் அந்தக் கோடு விழும்.

சேர்ப்பதும் வளைப்பதும் எல்லையைப் பற்றிய பேச்சு. நகரையும் ஊர்களையும் உண்மையில் இணைப்பது தண்ணீர். தலைநகரின் குழாய்களில் வரும் குடிநீர் 1933 முதல் அருவிக்கரையில் கரமனையாற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. அதற்கும் மேலே பேப்பாறை அணை இருக்கிறது. தெற்கே வெள்ளாயணிக் காயல் கல்லியூர், வெங்ஙானூர் பகுதிகளுக்கு நன்னீர் தருகிறது. இந்த மாவட்டத்தின் நிலம் சிறு குன்றுகளும் அவற்றுக்கிடையே நீண்டு கிடக்கும் ஏலாக்கள் எனப்படும் பள்ளத்து வயல்வெளிகளும் கொண்டது. மேட்டில் வீடும் தோப்பும், பள்ளத்தில் நெல்லும் தோடு எனப்படும் ஓடையும் என்பது பழைய ஒழுங்கு. மழைநீரைப் பிடித்துவைப்பதும் கிணறுகளை ஊறவைப்பதும் பள்ளத்தின் வேலை. அந்தப் பள்ளத்தைத்தான் நாம் மண் போட்டு மூடிவருகிறோம். 1970களின் நடுவில் கேரளத்தில் ஏறத்தாழ 8.8 லட்சம் ஹெக்டேரில் விளைந்த நெல், 2007-08இல் 2.3 லட்சம் ஹெக்டேருக்குச் சுருங்கியது. 2023 அக்டோபர் மழையில் தெற்றியாறு கரைபுரண்டு கழக்கூட்டத்துத் தொழில்நுட்பப் பூங்காப் பகுதி நீரில் மூழ்கியபோது, தண்ணீர் தங்குவதற்கு வயல் இல்லாத ஓடை என்ன செய்யும் என்பதை நகரம் கண்ணால் பார்த்தது. நெல் உற்பத்தியை முன்னிட்டு மட்டும் இதைச் சொல்லவில்லை. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமான நாஞ்சில் நாடு 1956 நவம்பர் 1 அன்றே தமிழ்நாட்டோடு போய்விட்டது. அரிசி வெளியிலிருந்து வரும். நீர் தங்கும் பள்ளத்தை யாரும் லாரியில் கொண்டுவர முடியாது.

வயலைக் காக்கச் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2008ஆம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் நாட்டிலேயே கடுமையானவற்றில் ஒன்று. ஆனால் அந்தச் சட்டம் போடும் சுமை முழுவதும் வயலின் சொந்தக்காரர் தலையிலும் அந்த ஊராட்சியின் தலையிலும் விழுகிறது. ஊராட்சியின் சொந்த வருமானத்தில் பெரும்பங்கு கட்டட வரி. கட்டட அனுமதிக்கும் கட்டணம் வரும். நெல்வயல் கஜானாவுக்கு ஒன்றும் தராது. ஊரில் எவ்வளவு பள்ளம் மேடாகிறதோ அவ்வளவு வருமானம் என்ற கணக்கை நாமே எழுதிவைத்துவிட்டு, ஊராட்சித் தலைவர் வயலுக்குக் காவல் நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். குழாய்த் தண்ணீருக்குக் கட்டணம் கட்டும் நகரவாசி, அந்தத் தண்ணீரைப் பிடித்துவைக்கும் நிலத்துக்கு எதுவும் கட்டுவதில்லை. மாற வேண்டியது இந்தக் கணக்குதான்: வயலையும் குளத்தையும் தோட்டையும் காத்து நிற்கும் ஊராட்சிக்கு, அதனால் பயன்பெறும் நகரின் வருமானத்திலிருந்து ஆண்டுதோறும் ஒரு பங்கு போக வேண்டும்.

இது புதிய யோசனை அல்ல. காட்டைக் காக்கும் மாநிலம் வருமானத்தை இழக்கிறது என்பதால்தான் 14ஆவது நிதிக்குழு வரிப் பகிர்வில் வனப்பரப்புக்கு 7.5 சதவீத எடை தந்தது. 15ஆவது நிதிக்குழு அதைப் பத்தாக உயர்த்தியது. மாநிலங்களுக்கிடையே நியாயமானது ஊராட்சிகளுக்கிடையே எப்படி அநியாயமாகும்? நியூயார்க் நகரம் 1997இல் தன் குடிநீர் பிறக்கும் மலைப்பகுதி ஊர்களோடு உடன்பாடு செய்துகொண்டு, அங்கே நீர்ப்பிடிப்பைக் காக்கப் பணம் தந்தது. அதற்கு ஆன செலவு, கட்ட வேண்டியிருந்த மாபெரும் சுத்திகரிப்பு நிலையத்தின் செலவைவிடக் குறைவு. கேரளமே 2020இல் நெல்வயல் உரிமையாளர்களுக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. கொள்கையளவில் அரசு ஒப்புக்கொண்டுவிட்டது என்றே அதற்குப் பொருள். தொகைதான் சிறியது, ஊராட்சிக்கோ அதில் இடமே இல்லை.

எதிர்ப்புகள் வரும். வீட்டுமனை விலைக்கு முன்னால் எந்த ஊக்கத்தொகையும் நிற்காது என்பார்கள். சரிதான், மனை விலைக்கு ஈடுகட்டுவது நோக்கமும் அல்ல. மூடுவதைச் சட்டம் ஏற்கெனவே தடுக்கிறது. அந்தத் தடையை ஊரார் தாங்கிக்கொள்ளவும் ஊராட்சி மனமுவந்து செயல்படுத்தவும் இந்தப் பங்கு உதவும். வீடில்லாதவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்பதும் நியாயமே. ஆனால் காக்கச் சொல்வது பள்ளத்தை மட்டும். மேடும் சாலையோரமும் வீட்டுக்குத் திறந்தே இருக்கின்றன, அங்கே மாடி உயரட்டும். பணம் வேறு வழியில் செலவாகிவிடும் என்ற சந்தேகத்துக்கும் வழி உண்டு: எஞ்சியிருக்கும் வயல், குளப் பரப்பை ஆண்டுக்கொரு முறை செயற்கைக்கோள் படத்தில் அளந்து, அதற்கேற்பப் பங்கு தரலாம். நில ஆவணத் தகராறுகளுக்கு மாநிலத்தின் தொலையுணர்வு மையம் இப்போதே இத்தகைய படங்களைத் தருகிறது. நகரவாசி மேல் இன்னொரு வரியா என்பது கடைசிக் கேள்வி. துறைமுகமும் வெளிவட்டச் சாலையும் நில மதிப்பை ஏற்றப்போகின்றன. அந்த ஏற்றத்தில் ஒரு சிறு பகுதியை எடுத்தால் யாருடைய பழைய வருமானத்திலும் கைவைக்க வேண்டியதில்லை.

இதற்கு அரசியல் சட்டத்தில் இடம் தேட வேண்டியதில்லை. ஊராட்சிகளும் நகராட்சிகளும் தண்ணீரையும் இயற்கை வளங்களையும் பகிர்ந்துகொள்வதைக் கருத்தில்கொண்டே திட்டம் வகுக்க வேண்டும் என்று மாவட்டத் திட்டக்குழுவுக்கு 243இசட்டி பிரிவு சொல்கிறது. இந்த மாவட்டத்தின் 73 கிராம ஊராட்சிகளும் நான்கு நகராட்சிகளும் மாநகராட்சியும் ஒரே மேசையில் உட்கார அதுவே போதுமான அதிகாரம். மாநில நிதிக்குழு தன் பகிர்வு வாய்பாட்டில் ஈரநிலப் பரப்பையும் ஓர் அளவாகச் சேர்த்தால் பணத்துக்கும் வழி பிறக்கும். வெளிவட்டச் சாலைக்கு நிலம் எடுத்து முடிந்தபின் இதைப் பேசுவதில் பயனில்லை. அப்போது பங்கு கேட்க வயல் மிஞ்சியிருக்காது.