விற்றவன் கையிலேயே திறவுகோல்

பின் சக்கரத்துப் பிரேக் பேடுகளை மாற்றுவது ஒரு காலத்தில் பட்டறைக்குப் புதிதாக வந்த பையனுக்குப் பழகக் கொடுக்கும் வேலை. வண்டியைத் தூக்கி நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றி, தேய்ந்ததை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினால் வேலை முடிந்துவிடும். மின்விசையால் இயங்கும் நிறுத்தப் பிரேக் பொருத்திய இன்றைய கார்கள் பலவற்றில் அவ்வேலை கணினியில் தொடங்கிக் கணினியில் முடிகிறது. பிரேக்கை இறுக்கிப் பிடித்திருக்கும் சிறிய மோட்டாரைப் பின்வாங்குமாறு பணிக்க, வண்டியோடு பேசத் தெரிந்த மென்பொருள் ஒன்று வேண்டும். டீசல் இயந்திரத்தில் எரிபொருள் தெளிப்பானை மாற்றினால், அதன் மேல் பொறித்திருக்கும் குறியீட்டு எண்ணை இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் எழுதவேண்டும். சில ஐரோப்பியக் கார்களில் மின்கலத்தை மாற்றியதைக்கூட வண்டிக்கு அறிவித்தாக வேண்டும். அறிவிக்காவிடில் பழைய மின்கலத்துக்கு மின்னேற்றியது போலவே புதியதற்கும் ஏற்றிக்கொண்டிருக்கும். முன்கண்ணாடியை மாற்றினால் அதன் பின்னால் இருக்கும் ஒளிப்படக் கருவியை மீண்டும் அளவு பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

இவற்றில் தவறேதும் இல்லை. பிரேக்கும் விளக்கும் கதவும் இயந்திரமும் தனித்தனிக் கணினிகளாகி, ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்வதால் விளைந்த நன்மைகள் பல. ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1983இல் உருவாக்கத் தொடங்கி 1986இல் உலகுக்கு அறிவித்த இருகம்பி வலைப்பின்னல் முறை, இன்று ஏறத்தாழ எல்லாக் கார்களின் நரம்பு மண்டலமாகவும் விளங்குகிறது. தொழில்நுட்பம் வளர்வதைக் குறைகூறுவோர் கூறட்டும். இங்கே வழக்கு அதுவன்று. அந்நரம்பு மண்டலத்தோடு பேசும் மொழியை எவர் கற்கலாம், எவர் கற்கலாகாது என்று முடிவுசெய்யும் உரிமையை, வண்டியை விற்றுப் பணம் பெற்றுக்கொண்டவரே வைத்துக்கொள்வது எந்த நியாயத்தைச் சேர்ந்தது என்பதே வழக்கு.

மொழி என்று சொன்னது அணிக்காக அன்று. கார்களுக்கு உண்மையாகவே இரண்டு மொழிகள் உள்ளன. முதலாவது பொதுமொழி. புகைக் கட்டுப்பாட்டின் பொருட்டு அமெரிக்க அரசு 1996ஆம் ஆண்டு மாதிரி முதல் எல்லாக் கார்களிலும் பதினாறு முனைகள் கொண்ட ஒரே வகைச் சோதனைத் துளையை வைக்குமாறு விதித்தது. ஐரோப்பா 2001இல் பெட்ரோல் கார்களுக்கு அத்தகைய விதியைக் கொணர்ந்தது. அந்தத் துளையில் மலிவான ஒரு கருவியைச் செருகினாலே இயந்திரமும் புகையும் பற்றிய பழுதுக் குறியீடுகளை எவரும் படிக்கலாம். இம்மொழியை உற்பத்தியாளர் தாமாக மனமுவந்து வழங்கினாரல்லர். சட்டம் வற்புறுத்தியதால் வழங்கினார்.

இரண்டாவது, குழூஉக்குறி. பொற்கொல்லர் தம்முள் பொன்னைப் 'பறி' என்று வழங்குவதை இலக்கண ஆசிரியர்கள் வகுப்பில் உதாரணமாகக் காட்டுவதுண்டு. வாடிக்கையாளர் எதிரில் அமர்ந்திருக்கும்போதே அவர் அறியாவண்ணம் பேசிக்கொள்ளும் உத்தி அது. (அந்தச் சொல்லுக்கு மற்றொரு பொருளும் உண்டென்பதை மாணவர் மறந்திருக்கமாட்டார்.) புதிய பெட்டியை வண்டிக்கு அறிமுகம் செய்தல், பெட்டியில் உள்ள நிரலைப் புதுப்பித்தல், அமைப்புகளை மாற்றியெழுதுதல் ஆகிய யாவும் இக்குழூஉக்குறியிலேயே நடைபெறுகின்றன. உற்பத்தியாளர் தம் முகவர் நிலையங்களுக்கென்று தரும் மென்பொருளே அதன் அகராதி.

அகராதியோடு பூட்டும் உண்டு. மாற்றம் செய்ய வரும் கருவியிடம் கட்டுப்பாட்டுப் பெட்டி முதலில் ஓர் எண்ணை வீசுகிறது. அந்த எண்ணிலிருந்து மறைவான ஒரு கணக்கின்படி விடை எண்ணைக் கண்டு திருப்பிச் சொன்னால்தான் உள்ளே நுழைய இடங்கொடுக்கும். அண்மைக் காலத்து வண்டிகள் சிலவற்றில் அவ்விடை பட்டறையில் இருக்கும் எந்தக் கருவியிலும் இல்லை. இணையத்தின் வழியாக உற்பத்தியாளரின் கணினியே அதனைத் தரவேண்டும். சில ஐரோப்பிய நிறுவனங்களின் கார்களில், பழைய வண்டியிலிருந்து கழற்றிய நல்ல பெட்டி ஒன்றைப் பொருத்தினாலும், தலைமையகத்துக் கணினி ஒப்புதல் தரும்வரை அது முழுமையாக இயங்காது. பொருள் குறையற்றது, பொருத்திய கை தேர்ந்தது, உடையவர் ஒப்பினார், ஆயினும் கடல் கடந்த ஒரு நாட்டிலிருந்து அனுமதி வரவேண்டும்!

இதற்கு உற்பத்தியாளர் தரப்பில் மூன்று நியாயங்கள் கூறுவதுண்டு. மூன்றும் ஒரே எடையுள்ளவை அல்ல.

மென்பொருள் தம் படைப்பு, எனவே பதிப்புரிமை தம்முடையது என்பது முதல் நியாயம். 2015இல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் முன் டிராக்டர் உற்பத்தி செய்யும் ஜான் டியர் நிறுவனம் எழுத்துவடிவில் அளித்த வாதம் இதன் உச்சம். வண்டியை வாங்கியவருக்கு அதிலுள்ள மென்பொருள் உடைமையாவதில்லை; வண்டியின் ஆயுட்காலம் முழுவதும் அதனை இயக்கிக்கொள்வதற்கான மறைமுக உரிமம் மட்டுமே அவருக்கு உண்டு என்பது அவ்வாதத்தின் சாரம். நூல் ஒன்றை வாங்கியவர் அதனை மறுபதிப்பு செய்து விற்கலாகாது என்பது பதிப்புரிமை. பக்கம் கிழிந்தால் ஒட்டலாகாது, ஒட்டுவதற்குப் பதிப்பகத்தாரை அழைக்கவேண்டும் என்று எந்தப் பதிப்பாளரும் இதுவரை சொன்னதில்லை. தம் வண்டியில் தாமே பழுதுநீக்க விழையும் உழவர் எந்த நிரலையும் நகலெடுத்து விற்கப் போவதில்லை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத் தலைவரும் அவ்வாண்டு அக்டோபரில் வாகனப் பழுதுபார்ப்புக்காக மென்பொருட் பூட்டைத் திறப்பதற்கு விலக்கு அளித்தார். 2018இல் உடைமையாளருக்காகப் பிறர் செய்து தருவதற்கும் அவ்விலக்கு விரிந்தது. டியர் நிறுவனம் 2023 ஜனவரியில் உழவர் கூட்டமைப்பு ஒன்றோடு இணக்கக் குறிப்பில் கையெழுத்திட்ட பின்னரும், 2025 ஜனவரியில் அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் அதன் மேல் வழக்குத் தொடுத்தது. முதல் நியாயம் இவ்வளவே.

இரண்டாவது நியாயம் சுற்றுச்சூழல். உடைமையாளர் கையில் திறவுகோல் கிடைத்தால் புகைக் கட்டுப்பாட்டைக் கெடுத்துவிடுவார் என்பது அது. இதனை உற்பத்தியாளர் மட்டுமன்றி அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் 2015 ஜூலையில் பதிப்புரிமை அலுவலகத்துக்குக் கடிதமாக எழுதியது. அடுத்து நிகழ்ந்தது மாணவர் மனத்தில் பதியவேண்டிய வரலாறு. இரண்டு மாதங்கள் கழித்து, செப்டம்பர் 18ஆம் நாள், அதே முகமை ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் மேல் குற்ற அறிவிப்பை வெளியிட்டது. சோதனைச் சாலையில் நிற்பதைத் தானே கண்டுகொண்டு அங்கே மட்டும் புகையைக் குறைத்துக்கொள்ளவும், வெளியே சாலையில் ஓடும்போது அனுமதித்த அளவினும் நாற்பது மடங்குவரை நைட்ரஜன் ஆக்சைடுகளைக் கக்கவும் டீசல் கார்களின் நிரல் எழுதப்பட்டிருந்தது. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் வண்டிகள் அதில் அடங்கும். அந்த ஏமாற்றை எழுதியவர் எந்தச் சிறு பட்டறைக்காரரும் அல்லர். பூட்டுக்கு உள்ளே, பூட்டின் பாதுகாப்பிலேயே, பூட்டியவர் எழுதியது அது. அதனை வெளிக்கொணர்ந்த மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நிரலைப் படித்துக் கண்டாரல்லர். வண்டியைச் சாலையில் ஓட்டி அதன் புகையை அளந்தே கண்டார்கள். நிரல் பூட்டிக் கிடந்தமையால் காற்று தூய்மையானது என்று இன்னும் சொல்ல நாவெழுமோ?

மூன்றாவது நியாயம் பாதுகாப்பு. இதனை ஏளனம் செய்து ஒதுக்கிவிடல் நேர்மையாகாது. காற்றுப்பையின் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் தவறாக அமைத்தவர் ஓர் உயிருக்குப் பொறுப்பாவார். நிரலைப் புதுப்பிக்கும்போது மின்னழுத்தம் சீராக நிற்கவேண்டும். நடுவே மின்சாரம் தளர்ந்தால் பெட்டி செயலற்றுப் போகக்கூடும். திருட்டைத் தடுக்கும் சாவிப் பதிவையும் ஓடிய தொலைவைக் காட்டும் எண்ணையும் எவரும் மாற்றலாம் என்று விட்டுவிட்டால் மகிழ்வோர் கள்வரும் பழைய வண்டித் தரகருமே. 2015இல் இரு ஆய்வாளர்கள் ஜீப் வண்டி ஒன்றைத் தொலைவிலிருந்தே தம் கட்டுக்குள் கொணர்ந்து காட்டியதும், அதன் விளைவாக 14 இலட்சம் வண்டிகள் திருத்தத்துக்குத் திரும்ப அழைக்கப்பட்டதும் உண்மை.

ஆயின் அவர்கள் எவ்வழியே நுழைந்தார்கள்? வண்டியை வெளியுலகோடு கைத்தொலைபேசி அலைவரிசையால் இணைத்த உற்பத்தியாளரின் சொந்தக் கருவி வழியே நுழைந்தார்கள். அந்நிறுவனமோ 2018ஆம் ஆண்டு மாதிரிகள் தொடங்கி, ஓட்டுநரின் காலருகே இருக்கும் சோதனைத் துளைக்கும் வண்டியின் வலைப்பின்னலுக்கும் இடையில் காவற்பெட்டி ஒன்றை வைத்தது. பதிவு செய்துகொள்ளாத பட்டறைகள் பழுதுக் குறியீட்டை அழிக்கக்கூட இயலாது நின்றன. கூரையைப் பிரித்துக்கொண்டு ஒருவன் இறங்கியதற்காக, வாசல் வழியே நாள்தோறும் வந்து போகும் வண்ணாரைத் தடுத்த கதை இது. இந்தக் காவற்பெட்டி முறையைப் பற்றிய வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2023 அக்டோபர் 5ஆம் நாள் தீர்ப்பளித்தது: சட்டம் கூறாத நிபந்தனைகளைச் சேர்த்துச் சுயேச்சைப் பட்டறைகளின் அணுகலை மட்டுப்படுத்த உற்பத்தியாளருக்கு உரிமையில்லை.

திருட்டைத் தடுக்கவும் வழி இல்லாமலில்லை. சாவி, திருட்டுத்தடை போன்றவற்றைத் தொடும் பட்டறைக்காரரின் பின்னணியைச் சோதித்துச் சான்று வழங்கி, எவர் எப்போது திறந்தார் என்று பதிவு வைக்கும் முறையை ஐரோப்பா வகுத்திருக்கிறது. அமெரிக்காவில் 2004ஆம் ஆண்டு மாதிரி முதல், புகை தொடர்பான பெட்டிகளின் நிரலைப் பொதுத்தர இடைக்கருவியால் புதுப்பிக்க உற்பத்தியாளர் இடந்தரவேண்டும் என்னும் விதி உண்டு. பட்டறைக்காரர் கட்டணம் செலுத்தி, முகவர் பயன்படுத்தும் மென்பொருளையே பெறுகிறார். இலவசமாக எவரும் கேட்கவில்லை. ஆஸ்திரேலியாவில் பழுதுபார்ப்புத் தகவலை நியாய விலைக்குப் பகிரவேண்டும் என்னும் சட்டம் 2022 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அந்நாடுகளின் சாலைகள் இதனால் கொலைக்களமாகிவிடவில்லை.

இங்கே நிலை என்ன? கிள்ளானிலும் ஈப்போவிலும் சுங்கைப் பட்டாணியிலும் தகரக் கூரையின் கீழ் நடக்கும் பட்டறைகளில் தந்தையிடமிருந்து மகன் தொழில் பழகிய காலம் ஒன்றுண்டு. 1985இல் வெளிவந்த முதல் புரோத்தோன் சாகாவின் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டத் தெரிந்தவருக்குச் சோற்றுக்குக் குறையில்லை. இன்று திறன் பயிலகத்தில் சேர்ந்து மலேசியத் திறன் சான்றிதழ் பெற்று வெளிவரும் இளைஞர், அவரினும் கூடுதலாகவே கற்றிருக்கிறார். அலைவு காட்டியில் சமிக்கையைப் படிக்கிறார். எந்தப் பெட்டி பழுது என்று சரியாகவே கண்டுபிடிக்கிறார். கண்டுபிடித்த பின் வாடிக்கையாளரிடம், வண்டியை இழுத்துக்கொண்டு முகவர் நிலையத்துக்குப் போங்கள் என்று சொல்லவேண்டியிருக்கிறது. நோயை அறிந்தவரிடம் மருந்துப் பெட்டியின் சாவி இல்லை.

இக்கொடுமையின் கள்ளப் பிள்ளையாகப் பிறந்ததுதான் திருட்டு மென்பொருள். முகவர் நிலையத்து மென்பொருளின் பூட்டுடைத்த நகல்களும், அவற்றோடு சேர்த்து விற்கும் போலி இடைக்கருவிகளும் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றை வாங்குவதைப் போற்ற இயலாது. எவர் உடைத்தார், உள்ளே என்ன நச்சு நிரலைச் சேர்த்தார் என்று தெரியாத ஒன்றைக்கொண்டு பிரேக் பெட்டியில் எழுதுவது வாடிக்கையாளரின் உயிரோடு விளையாடுவதாகும். டீசல் புகைவடிகட்டியை நிரலால் மறைத்து அகற்றித் தருவோரும், இருக்கைவார் எச்சரிக்கையை அணைத்துத் தருவோரும் தொழிலுக்கே இழுக்கு. ஆயினும், நேர்வழியில் கட்டணம் செலுத்தி வாங்க ஆயத்தமாக இருப்பவருக்கு விற்க மறுத்துவிட்டு, குறுக்குவழியில் சென்றார் என்று அவரைத் தூற்றுவோர், கிணற்றை மூடிவிட்டுக் குட்டையில் குடித்தவனைப் பழிப்பவரே ஆவர்.

சிங்கப்பூரில் 2017 திசம்பரில் ஒரு நல்ல மாறுதல் நிகழ்ந்தது. வெளிப்பட்டறையில் பழுதுபார்த்தால் உத்தரவாதம் செல்லாது என்னும் நிபந்தனையைக் கார் விற்பனையாளர்கள் நீக்கிக்கொண்டதைப் போட்டித்தன்மை ஆணையம் அறிவித்தது. அது உத்தரவாத நிபந்தனையைப் பற்றிய மாறுதல். உத்தரவாதம் செல்லும், ஆனால் பெட்டி திறவாது என்றால், வெளிப்பட்டறைக்குக் கிடைத்தது சக்கரமும் எண்ணெயும் மட்டுமே.

மலேசியாவில் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் 37ஆம் பிரிவு, விற்ற பொருளுக்குப் பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப்பாகமும் நியாயமான காலம்வரை கிடைக்கச் செய்யவேண்டும் என்னும் கடமையைப் பேசுகிறது. இவ்விடத்தில் வழக்கு, சொற்பொருள் அறிந்தோரின் வாசலுக்கே வந்துவிடுகிறது. உதிரிப்பாகம் என்றால் என்ன? கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய இரும்பும் இரப்பரும் மட்டுந்தானா? பெட்டியைப் பொருத்தினாலும் நிரலை எழுதாமல் அது உயிர்பெறாது எனின், அந்நிரல் பாகமன்றி வேறென்ன? திறவுகோல் இல்லாப் பட்டறை பழுதுபார்க்கும் வசதி என்னும் தொடருக்குள் அடங்குமா? உற்பத்தியாளரின் வழக்கறிஞர்கள் இச்சொற்களைக் குறுக்கிப் பொருள் கொள்வார்கள். அது அவர்தம் தொழில். அந்தப் பிரிவில் பழுதறியும் மென்பொருளும் அதன் அணுகல் உரிமையும் நியாய விலைக்குக் கிடைத்தல் வேண்டும் என்று வெளிப்படையாக ஒரு வரி சேருமாயின், பொருள்கோள் சண்டைக்கே இடமிராது. அவ்வரியைக் கேட்டுப் பயனீட்டாளர் சங்கங்களும் பட்டறை உரிமையாளர் சங்கங்களும் மனுச் செய்யும்போது, அதில் கையெழுத்திட வேண்டியவர் பட்டறைக்காரர் மட்டுமல்லர். கார் வைத்திருக்கும் ஒவ்வோர் ஆசிரியரும், திறன் பயிலகத்துக்கு மாணவரை அனுப்பிவைக்கும் ஒவ்வொரு பள்ளியும் ஆவர்.