கருகி நிற்கும் வேப்பமரம்... வெட்ட ஆள் கூப்பிடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!

பொங்கலுக்குக் காப்புக் கட்ட வேப்பங்கொத்து ஒடிக்கலாம்னு அண்ணாந்து பார்த்தா, மரம் முழுக்கப் பழுப்பு. யாரோ தீயில வாட்டின மாதிரி நுனிக் கிளைகள் எல்லாம் கருகி நிக்குது. கடந்த சில வருஷங்களா மார்கழி, தை மாசங்கள்ல தமிழ்நாட்டின் பல ஊர்களில் பார்க்கிற காட்சிதான் இது.

'மரம் பட்டுப்போச்சு, மேல விழுறதுக்கு முன்னாடி வெட்டிடலாம்' என்பதுதான் பல வீடுகளில் உடனே எடுக்கிற முடிவு. அவசரம் வேண்டாம். கருகின வேம்புல பெரும்பாலானவை செத்த மரங்கள் இல்லை.

யார் வேலை இது?

2021-ல் தெலங்கானாவில் வேப்பமரங்கள் கூட்டம் கூட்டமாகக் கருகினப்போ இது பெரிய செய்தியாச்சு. விஞ்ஞானிகள் கைகாட்டியது நுனிக்கருகல் நோயை. 'போமாப்சிஸ்' என்ற பூஞ்சையால் வருவது. இதுக்குக் கூட்டாளி தேயிலைக் கொசு. பேர்லதான் கொசு, உண்மையில் அது ஒரு நாவாய்ப்பூச்சி. தேயிலையை மட்டுமல்ல, முந்திரி, கொய்யா, வேம்பு எல்லாத்தையும் பதம் பார்க்கும். இளந்தளிரில் குத்திச் சாறு உறிஞ்சும். அந்தக் காயம் பூஞ்சைக்கு வாசல்.

திண்டுக்கல் சமவெளிக்கு முக்கியமான மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். மழைக்குத் தளிர் விடும், காற்றில் ஈரம் நிக்கும், ராத்திரியில் குளிர் இறங்கும். பூச்சி, பூஞ்சை ரெண்டுக்கும் இது கொண்டாட்டம். மழை ஓயும்போது மரம் கருகித் தெரியறதுக்குக் காரணம் இதுதான்.

இதுல ஒரு முரண் இருக்கு. வேப்பெண்ணெயைக் கொண்டு பயிர்ப் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்குத்தான் அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ.ஆர்.கிரேஸ் நிறுவனமும் ஐரோப்பாவில் காப்புரிமை வாங்கியிருந்தன. இந்தியத் தரப்பு போராடி 2000-ல் அது ரத்தாச்சு. 2005-ல் மேல்முறையீடும் தள்ளுபடி. அடுத்த பயிரைப் பூஞ்சையிலிருந்து காப்பாத்துற மரம், தன்னோட பூஞ்சைக்கு நம்ம உதவியை எதிர்பார்க்குது.

வாழை வேற, வேம்பு வேற

'நோய் வந்தா அழிச்சிடணும்' என்ற எண்ணம் நம்ம ஊர்ல சும்மா வரலை. புவிசார் குறியீடு பெற்ற சிறுமலை மலைவாழையை எடுத்துக்கோங்க. முடிக்கொத்து நோய் வந்த வாழைக்கு மருந்தே கிடையாது. அது வைரஸ், அசுவினி அடுத்த வாழைக்குக் கொண்டுபோயிடும். தோண்டி அழிக்கிறதுதான் ஒரே வழி.

வேம்புல கதை வேற. நோய் தாக்குறது நுனியை. அடிமரமும் வேரும் உயிரோட இருந்தா, வெயில் ஏற ஏற புதுத் தளிர் வரும். வருஷாவருஷம் திரும்பத் தாக்கினா மரம் பலவீனமாகும், சின்னக் கன்றுகள் செத்தும் போகலாம். அதனாலதான் கவனிப்பு தேவை. கோடாலி தேவையில்லை.

சந்தேகமா? கிளையின் பட்டையை நகத்தால் லேசா சுரண்டுங்க. உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தா உயிர் இருக்கு. நுனி காய்ஞ்சிருந்தா கீழே இறங்கி அடிமரம் வரைக்கும் பாருங்க.

எந்த மாசம், என்ன வேலை?

ஆவணி, புரட்டாசி: மழைக்கு முன்னாடி காய்ஞ்ச, ஒடிஞ்ச கிளைகளைக் கழிச்சுடுங்க. மொத்தக் கிளையையும் மொட்டையடிக்காதீங்க.

ஐப்பசி, கார்த்திகை: அடைமழையில் வெட்டு வேண்டாம். ஈரமான வெட்டுக்காயம் பூஞ்சைக்கு வசதி. அடிமரத்தில் தண்ணி தேங்காம வடியவிட்டா போதும்.

தை: மழை நின்னதும் கருகின நுனிகளை, கொஞ்சம் பச்சைப் பகுதியோட சேர்த்து வெட்டி அப்புறப்படுத்துங்க. போகிக் குப்பையை மரத்தடியில் கொளுத்தாதீங்க, பட்டை வெந்துடும்.

மாசி முதல் சித்திரை வரை: மக்கின எரு, சருகு மூடாக்கு, வாரம் ஒருமுறை ஆழமாத் தண்ணி.

மருந்து? 30, 40 அடி மரத்துக்கு வீட்டு வாசலில் நின்னு நீங்களா பூஞ்சைக்கொல்லி அடிக்கிறது ஆபத்து. தண்ணித் தொட்டி, குழந்தைகள், கோழி எல்லாம் அங்கதான் இருக்கு. வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் காய்ஞ்ச கொத்தைக் காட்டிக் கேளுங்க.

இன்னொரு விஷயம், சிமென்ட். வாசல் பளிச்சுனு இருக்கணும்னு அடிமரம் வரைக்கும் பேவர் பிளாக் போட்டுடுறோம். 2013-லேயே டெல்லி மரங்களைச் சுத்தி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட்டை அகற்றச் சொன்னது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். வேர் மூச்சுவிடவும் மழைத்தண்ணி இறங்கவும் அந்த ஒரு மீட்டர் வேணும். நோய் வர்றதை இது தடுக்காது. நோயிலிருந்து எழுந்து நிக்கிற தெம்பைக் கொடுக்கும்.

திண்டுக்கல் கோட்டை மாரியம்மன் கோயில் திருவிழா மாசியில். அதுவரைக்குமாவது பொறுங்க. பங்குனி முடிஞ்சும் ஒரு தளிர்கூட வரலை, சுரண்டின இடமெல்லாம் காய்ஞ்சு கிடக்குதுன்னா, அப்போ வெட்டுறதைப் பத்தி யோசிக்கலாம். 30 வருஷ நிழலுக்கு மூணு மாச அவகாசம் அதிகம் இல்லையே!