கடல் கொண்ட காவலரண்கள்

அன்னியப் படையெடுப்பைத் தடுக்க ஒரு தேசம் கட்டிய அரண், பகைவன் கரையிறங்காமலே அலைக்கு இரையாகி மணலில் கிடப்பது விசித்திரமான காட்சியேயாகும். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், யார்க்ஷையரைச் சேர்ந்த ஹோல்டர்னெஸ் பிரதேசத்தில் இக்காட்சியை இன்று காணலாம். கில்ன்ஸீ கிராமத்தருகே முதல் மகா யுத்தத்தின்போது நிறுவப்பட்டு, இரண்டாவது யுத்தத்திலும் பயன்பட்ட காட்வின் பீரங்கித் தளத்தின் பெரும்பகுதி சரிந்து, கான்க்ரீட் பாளங்களாகச் சிதறிக் கிடக்கிறது. 1940-ம் வருஷம் டன்கர்க்கிலிருந்து பிரிட்டிஷ் சேனை மீண்டபின், ஹிட்லரை எதிர்பார்த்து அவசரமாகக் கட்டப்பட்ட சிறு அரண்கள் பலவும் அதே கதியை அடைந்து வருகின்றன.

இதற்குக் காரணம் கான்க்ரீட்டின் பலவீனமன்று. அதைத் தாங்கிய மண்ணின் பலவீனமே. பனியூழியில் பனியாறுகள் விட்டுச் சென்ற களிமண்ணே அக்கரையின் செங்குத்தான மேடு. அடியை அலை அரிக்கிறது, மேலே மழைநீர் ஊறி இளக்குகிறது, மேடு சரிகிறது. வருஷத்துக்குச் சராசரி சுமார் 2 மீட்டர் நிலம் கடலுக்குப் போகிறது. பார்லிமெண்டுக்குப் பிரதிநிதிகளை அனுப்பிவந்த ராவென்ஸர் ஆட் என்னும் துறைமுகப் பட்டினம் 14-ம் நூற்றாண்டிலேயே மறைந்தது.

பழைய அரண்களைக் காக்கப் பெரும்பொருள் செலவிட வேண்டுமென்று நாம் வாதாடவில்லை. 1995 முதல் 2002 வரை தொண்டர்கள் பிரிட்டன் முழுவதும் சென்று, சுமார் 20,000 யுத்தகால அமைப்புகளைப் பதிவு செய்தனர். மறையுமுன் குறித்துவைப்பதே அவற்றுக்குத் தக்க மரியாதை.

ஆனால் அரணுக்குப் பின்னால் வாழும் குடியானவனின் விஷயம் வேறு. மேப்பிள்டன் கிராமத்தையும் அதன் வழிச்செல்லும் சாலையையும் காக்க 1991-ல் பாறைத் தடுப்புகள் போடப்பட்டன. கிராமம் பிழைத்தது; ஆயின் தெற்கே செல்லவேண்டிய மணல் தடைப்பட்டு, கௌடன் பக்கத்து விளைநிலங்கள் முன்னிலும் விரைவாக அழிந்தன. ஈஸிங்டனில் எரிவாயு நிலையத்தின் முன்னே பாறைச்சுவர் எழுந்தது. வயல்வெளிகளுக்கோ பெரும்பாலும் சுவரில்லை. வீடிழந்தவன் நஷ்டஈடு கோர அந்நாட்டில் பொதுவான உரிமையுமில்லை. சில சகாயங்கள் அவ்வப்போது அளிக்கப்படுவதுண்டு; எனினும் சகாயம் வேறு, உரிமை வேறு.

1940-ல் அபாயம் அனைவருக்கும் பொது என்று கருதிக் கரையோர நிலங்களில் அரண் கட்டியது சர்க்கார். இன்று அதே நிலம் கடலில் விழும்போது, நஷ்டம் உடையவனுக்கு மட்டுமே என்று கைகழுவுவது நீதியாகுமா? எதைக் காப்பது, எதைக் கைவிடுவது என்று சர்க்கார் தீர்மானிக்கட்டும். கைவிடப்பட்டவர்களுக்கு மாற்று இடம் தருவதும் அத்தீர்மானத்தின் பகுதியாக இருக்க வேண்டுமென்பதே நமது அபிப்பிராயம். கான்க்ரீட் அரண் விழுவதால் ஒரு தேசத்துக்கு மானக்குறைவில்லை. குடிகளையும் அவ்வாறே விழவிடுவதுதான் மானக்குறைவு.